இருபது டாலர் நோட்டில் இருக்கும் அம்மையார் 1828-இல் சொன்ன பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டில் படம் இடம்பெற்றிருக்கும் மேரி ரீபி அம்மையாரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குதிரை திருடிய குற்றத்துக்காகப் பதின்மூன்று வயதில் தண்டிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்ட ஒரு சிறுமி, தன் உழைப்பாலும் மனவுறுதியாலும் கோடீஸ்வரியாக உயர்ந்தாள் என்று சுவைபடச் சொல்லியிருந்த அக்கட்டுரையில், நான் கவனித்தவரை, ஆண்டுகளிலோ பெயர்களிலோ பிழை இல்லை. ஆனாலும் படித்து முடித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அம்மையார் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே சொன்ன இரண்டு கூற்றுகள் ஆவணமாக இன்றும் இருக்க, கட்டுரையாளர் அவ்விரண்டையும் விட்டுவிட்டு, இடையிலிருந்த செல்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் அவருடைய வாழ்க்கை ஒரு தன்முன்னேற்றக் கதையாகச் சுருங்கிவிட்டது என்பதே இக்கடிதத்தை எழுதக் காரணம்.

நான் சிட்னியில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஒரு நூலகத்தில், தங்கள் முன்னோரைத் தேடி வருவோருக்குப் பழைய பதிவேடுகளை எடுத்துக்கொடுக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு, பிறருடைய நதிமூலத்தைத் தேடிக்கொடுப்பதே பிழைப்பானது வேடிக்கைதான். அந்தப் பழக்கத்தினால்தான் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது, பதிவேட்டில் என்ன இருக்கிறது, அதை எழுதச் சொன்னவர் யார், எதற்காக அப்படிச் சொன்னார் என்று பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் அவருடைய தொடக்கம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பரி என்ற ஊரில் 1777 மே 12 அன்று பிறந்தவருக்குத் திருமுழுக்கின்போது வைத்த பெயர் மோலி ஹேடாக். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். வீட்டைவிட்டு ஓடி, ஆண்பிள்ளை வேடமிட்டு, ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில் திரிந்தபோது குதிரை திருடியதாகப் பிடிபட்டார். ஸ்டாஃபோர்டில் நடந்த விசாரணையில்தான் அவர் பெண் என்பது வெளியாயிற்று. குதிரைத் திருட்டுக்குத் தூக்குத் தண்டனையே விதிக்கப்படக்கூடிய அக்காலத்தில், 1790 ஜூலையில் அவருக்குக் கிடைத்தது ஏழாண்டு நாடுகடத்தல். இவற்றையெல்லாம் தங்கள் கட்டுரை சொல்லியிருக்கிறது. நான் விரிக்க வேண்டியதில்லை.

தண்டனை விதிக்கப்பட்டு இரண்டாண்டுகளுக்கும் மேலாகி, 1792 அக்டோபர் 7 அன்று ராயல் அட்மிரல் என்ற கப்பல் அவரைச் சிட்னித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கரையிறங்குவதற்கு முன்பே, மறுநாள், கப்பலில் இருந்தபடியே அவர் தம் அத்தைக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நான் குறிப்பிட்ட இரண்டு கூற்றுகளில் இது முதலாவது. எழுத்துப் பிழைகள் மலிந்த, நிறுத்தற்குறிகளே இல்லாத அக்கடிதத்தைப் படிப்பவர் எவரும், அதை எழுதியது பதினைந்து வயதுப் பெண் என்பதை மறக்க முடியாது. பார்ப்பதற்கு இந்த இடம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தொடங்குகிறார். வாரத்துக்கு நான்கு காற்சட்டை தைத்தால் போதுமாம். வாரத்துக்கு ஒரு பவுண்டு அரிசியும் நான்கு பவுண்டு பன்றியிறைச்சியும் கீரை காய்கறிகளும் கிடைக்குமாம். ஊரிலிருப்பவர்கள் கவலைப்படக்கூடாது என்பதற்காக எழுதிய வரிகள் இவை என்பது வெளியூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளின் கடிதங்களைப் படித்த நம் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வரியிலேயே குரல் மாறிவிடுகிறது. தண்டனை ஏழே ஆண்டு என்று முன்னர் தம்மிடம் சொல்லப்பட்டிருக்க, இங்கே ஆயுள் முழுவதும் என்கிறார்கள் என்றும், அதை நினைக்கும்போது மிகவும் துயரமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து தப்பிச் செல்ல ஒவ்வொரு வாய்ப்பையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார். அதற்குப் பிறகே, இப்போதுள்ள நிலையில் என்னால் இயன்றவரை மகிழ்ச்சியாக இருந்துகொள்வேன் என்ற வரி வருகிறது. "புதிய மண்ணில் புதிய வாழ்வைத் தொடங்கும் உறுதியோடு கால் பதித்தார்" என்று தங்கள் கட்டுரையில் கண்டபோது எனக்கு இந்தக் கடிதந்தான் நினைவுக்கு வந்தது. அவர் அந்த மண்ணில் கால் பதிக்கும்போது மனத்தில் இருந்தது திரும்பிப் போகும் எண்ணம். தண்டனைக் கைதியாக அனுப்பப்பட்டவரைக் குடியேறச் சென்றவரைப்போல எழுதுவது, பிற்காலத்து வெற்றியை முற்காலத்தின் மேல் ஏற்றிச் சொல்வதாகும்.

அந்த ஒரு பவுண்டு அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போதைய சிட்னியில் நெல் விளையவில்லை. தேவையான கோதுமையும் மக்காச்சோளமும்கூட விளையவில்லை. பசியால் தவித்த அக்குடியிருப்புக்கு 1792 ஜூனில், அதாவது மோலி வந்து சேர்வதற்கு நான்கு மாதம் முன்பு, அட்லாண்டிக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிவந்தது. ரவைக்கும் பருப்புக்கும் ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் குறிப்புகளில் நம் நாட்டுப் பெயர்களையே, தங்கள் காதில் விழுந்தபடி, எழுதிவைத்திருக்கிறார்கள். லங்காஷயர்ப் பெண்ணின் கடிதத்தில் அரிசி ஏன் வருகிறது என்று வியப்பவர்களுக்காக இதைச் சொன்னேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சிட்னியில் அவர், படைத்தலைவராயிருந்து பிறகு காலனியின் பொறுப்பையும் ஏற்ற மேஜர் பிரான்சிஸ் குரோஸ் என்பவரின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அமர்த்தப்பட்டார். 1794 செப்டம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த தாமஸ் ரீபி என்ற ஐரிஷ் இளைஞரை மணந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் அவர்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. "அரசு இலவசமாக வழங்கிய தரிசு நிலத்தைத் தம்பதியர் பண்படுத்தினர்" என்று தங்கள் கட்டுரை இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தைத்தான் நான் முதலில் மறுக்க விரும்புகிறேன்.

ஹாக்ஸ்பரிக் கரை தரிசு நிலமாக இருந்ததில்லை. அது தாருக் என்னும் பழங்குடி மக்களின் ஆறு. கரையோர வண்டல் மண்ணில் வள்ளிக்கிழங்கு போன்ற ஒருவகைக் கிழங்கு தானாக மண்டி வளர்ந்தது; அவர்களுடைய முதன்மையான உணவுகளில் அதுவும் ஒன்று. 1794-இன் தொடக்கத்தில் அங்கே குடியேறத் தொடங்கியவர்கள் அந்தக் கிழங்குப் படுகைகளைக் கொத்தி மக்காச்சோளம் விதைத்தார்கள். கிழங்கை இழந்தவர்கள் அதே இடத்தில் விளைந்த சோளத்தை எடுத்துக்கொள்ள வந்தபோது அவர்கள் திருடர்கள் எனப்பட்டார்கள். 1795-இல் அவர்களுக்கு எதிராகப் படைவீரர்கள் அனுப்பப்பட்டு, பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு குதிரைக்காக நாடுகடத்தப்பட்ட பெண்ணின் கதையைச் சொல்லுகையில், அவருக்குக் கிடைத்த முதல் சொத்து யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரி சொல்வது நியாயம். ரீபி தம்பதியர் தம் கையால் யாருக்கேனும் தீங்கு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்நிலம் எப்படிக் காலியாயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

பண்ணையைவிட ஆற்றில் சரக்கேற்றிச் செல்வதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஹாக்ஸ்பரியிலிருந்து சிட்னிக்குத் தானியம், பின்னர் நிலக்கரி, செடார் மரம், கடல்நாய்த் தோல் என்று தாமஸ் ரீபியின் படகுகள் வளர்ந்து கப்பல்களாயின. எட்வர்ட் வில்ஸ் என்பவர் கூட்டாளியானார். சிட்னியில் கட்டிய வீட்டுக்கு எண்டாலி என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவில் ஒரு பகுதியின் பெயர் அது. நோட்டில் அம்மையாரின் படத்தருகே ஒரு பாய்மரக் கப்பலைக் காணலாம். அது 1807 முதல் பசிபிக் தீவுகளுடன் வாணிகம் செய்த அவர்களுடைய மெர்க்குரி.

1811 ஏப்ரல் 5 அன்று தாமஸ் ரீபி நோயுற்று இறந்தார். மறுமாதமே கூட்டாளியும் இறந்துபோனார். முப்பத்து நான்கு வயதுகூட நிரம்பாத மேரியின் கையில் ஏழு குழந்தைகளும் முழு வாணிகமும் வந்து சேர்ந்தன. தங்கள் கட்டுரை இவ்விடத்தில் "கணவனை இழந்தும் கலங்காமல்" என்று ஒரு சொற்றொடரைப் போட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இதில் வேறொன்று தெரியும். மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து என்று ஒன்று கிடையாது. அவள் கொண்டுவந்ததும் சம்பாதித்ததும் கணவனுடையதே. தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ, வழக்குத் தொடுக்கவோ அவளுக்கு உரிமையில்லை. கைம்பெண்ணுக்கு மட்டும் அந்த உரிமைகள் எல்லாம் உண்டு. சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் காலனியில் மணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய முதல் சட்டம் 1879-இல்தான் வந்தது. அம்மையார் இறந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

கணவர் உயிரோடிருந்த பதினாறு ஆண்டுகளிலும், குறிப்பாக அவர் கடலில் இருந்த நாட்களில், மேரி அந்த வாணிகத்தில் பங்கெடுக்காமல் இருந்திருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன். இல்லையென்றால் தாமஸ் இறந்த மறு ஆண்டே, 1812-இல், ஜார்ஜ் தெருவில் புதிய பண்டசாலையைத் திறப்பதும், 1817-க்குள் மேலும் கப்பல்கள் வாங்குவதும் எளிதில் நடந்திருக்காது. ஆயினும் அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயரில் இல்லை. கைம்பெண்ணான பிறகே அவர் பெயர் பத்திரங்களில் ஏறுகிறது. வசதியும் நாற்பதுக்குட்பட்ட வயதும் கொண்ட அவரை மணக்க, பெண்கள் குறைவாகவே இருந்த அந்த ஊரில், ஆள் கிடைக்காமலா போயிருக்கும்? அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள், சாகும்வரை, கைம்பெண்ணாகவே இருந்தார். கணவர்மீது கொண்ட பற்று காரணமாக இருக்கலாம். ஆனால் மறுமணம் செய்திருந்தால் கப்பல்களும் கடைகளும் அன்றே வேறொருவருடையவை ஆகியிருக்கும் என்பதை அவரைப்போலக் கணக்கில் கெட்டிக்காரரான ஒருவர் அறியாமல் இருந்திருக்க முடியாது.

கெட்டிக்காரர் என்றேன், கறாரானவரும்கூட. 1817 மே மாதம், தம்மிடம் கடன்பட்டிருந்த ஒருவரை வின்ட்சர் என்னும் ஊரில் தாக்கியதற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இதையும் தங்கள் கட்டுரை தவிர்த்திருக்கிறது. நோட்டில் மூக்குக்கண்ணாடியும் தொப்பியுமாகச் சாந்தமாகப் பார்க்கும் மூதாட்டிக்குப் பொருந்தவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அந்த அம்மையாரை இந்த இடத்தில்தான் மிகவும் பிடிக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், மேக்குவாரி பிளேஸ் என்ற இடத்தில் இருந்த அவருடைய வீட்டில்தான் நியூ சவுத் வேல்ஸ் வங்கி, காலனியின் முதல் வங்கி, தன் கதவைத் திறந்தது. வங்கிக்கு வீடு வாடகைக்கு விட்ட அடுத்த மாதம் கடனாளியை அடித்ததற்காக நீதிமன்றம் ஏறினார் என்பதை ஒரு சிறுகதையில் எழுதினால், மிகையாக இருக்கிறது என்று தாங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

இனி நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி. 1816-இலேயே அவர் தம் சொத்துகளையெல்லாம் விற்பதாகவும் இங்கிலாந்துக்குத் திரும்பப்போவதாகவும் விளம்பரம் செய்திருந்தார். அப்போது அவருடைய மதிப்பு சுமார் 20,000 பவுண்டு என்று சொல்லப்பட்டது. கப்பலிலிருந்து அத்தைக்கு எழுதிய ஆசை இருபத்து நான்கு ஆண்டுகளாக அணையவில்லை போலும். 1820 மார்ச்சில், மகள்கள் சீலியாவையும் எலிசாவையும் அழைத்துக்கொண்டு அட்மிரல் காக்பர்ன் என்ற கப்பலில் புறப்பட்டார். எந்த ஊரை விட்டு ஓடினாரோ அந்த லங்காஷயருக்கே, பணத்தோடும் பட்டாடையோடும் வளர்ந்த மகள்களோடும் போனார். ஊரார் வியந்து வரவேற்றார்கள். ஆனால் அவர் அங்கே தங்கவில்லை. 1821-இல் மரைனர் என்ற கப்பலில் சிட்னிக்குத் திரும்பிவிட்டார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1828 நவம்பரில், நியூ சவுத் வேல்ஸில் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 36,598 பேர் அதில் பதிவானார்கள். அதற்கு முன்பெல்லாம் கைதிகளையும் குடியேறியவர்களையும் ஓரிடத்துக்கு வரவழைத்து ஆள்கணக்கு எடுப்பதே வழக்கம். புதிய படிவத்தில் பெயர், வயது, தொழில், சமயம், நிலம், கால்நடை ஆகியவற்றுடன், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தீர் என்ற கேள்வியும், எந்த நிலையில் உள்ளீர் என்ற கேள்வியும் இருந்தன. நிலையை ஈரெழுத்துகளில் குறித்தார்கள். பி.சி. என்றால் காலனியில் பிறந்தவர், சி.எஃப். என்றால் சுதந்திரமாக வந்தவர், எஃப்.எஸ். என்றால் கைதியாக வந்து தண்டனைக் காலத்தை முடித்து விடுதலையானவர், டி.எல். என்றால் தண்டனைக் காலம் முடியுமுன்பே வெளியில் வேலைசெய்து பிழைக்க அனுமதிக்கும் நடமாட்டச் சீட்டுப் பெற்ற கைதி. பணம், நிலம், கப்பல் எதைச் சேர்த்தாலும் அந்த ஈரெழுத்து மாறாது; சிட்னியின் மேல்தட்டுக் குடும்பங்கள் யாரை விருந்துக்கு அழைப்பது என்பதை அந்த ஈரெழுத்தே முடிவு செய்தது. கைதியாக வந்து விடுதலையானவர்களை ஆளுநர் மேக்குவாரி தம் உணவுமேசைக்கு அழைத்ததற்கே சுதந்திரமாக வந்தவர்கள் பெரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆளுநரும் 1821-லேயே பதவி முடிந்து போய்விட்டார்.

ரீபி அம்மையார் எழுதச் சொன்ன பதில்: சுதந்திரமாக வந்தவர், கப்பல் மரைனர், ஆண்டு 1821.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் 1821-இல் மரைனர் கப்பலில் சுதந்திரமாகத்தான் வந்தார். "அசுவத்தாமன் இறந்தான்" என்று தருமர் உரக்கச் சொன்னாரே, அதுபோன்ற உண்மை. 1792-இல் ராயல் அட்மிரல் கப்பலில் வந்திறங்கிய மோலி ஹேடாக் அந்த ஒரு வரியில் மறைந்துபோனார். படிவம் கேட்டது கப்பலையும் ஆண்டையும்தான்; முதல் தடவையா இரண்டாம் தடவையா என்று கேட்கவில்லை. கேள்வியிலிருந்த சிறு இடைவெளியைக் கண்டுபிடித்து அதன் வழியே முப்பதாண்டுக் களங்கத்தைத் தாண்டிச் சென்றிருக்கிறார். மகள்களைப் பிறந்தகம் பார்க்க அழைத்துச் சென்ற அந்தப் பயணத்தின் நோக்கமே இதுதான் என்று சொல்வது மிகை. ஆனால் கைக்குக் கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை. நான் முதன்முதலாக அந்தப் பதிவைப் பார்த்த அன்று வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போக மனமின்றி உட்கார்ந்திருந்தேன்.

தங்கள் கட்டுரை அவரைக் கைதியிலிருந்து கோடீஸ்வரியானவர் என்று தலைப்பிலேயே கொண்டாடுகிறது. அந்த அம்மையாருக்கு இதைக் காட்ட முடிந்தால் அவர் மகிழ்ந்திருப்பாரா? எந்தச் சொல்லைத் தம் பெயரிலிருந்து அழிப்பதற்கு அத்தனை பாடுபட்டாரோ, அந்தச் சொல்லையே நாம் அவருக்குப் பட்டமாகச் சூட்டுகிறோம். நாம் சொல்லக் கூடாது என்பதல்ல. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் அதை மறைத்தார் என்பதும், மறைக்க வேண்டியிருந்தது என்பதும் அந்த உண்மையின் பகுதிகள்.

இந்த மறைப்பு அவரோடு முடிந்ததுமில்லை. 1788 முதல் 1868 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் சுமார் 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குத் தண்டனையாக அனுப்பின. அவர்களில் பெண்கள் சுமார் 25,000 பேர். அவர்களுடைய பேரன் பேத்திகளின் காலத்தில் வம்ச வரலாறு என்பது வீட்டில் பேசக்கூடாத பொருளாயிற்று. வான் டீமன்ஸ் லேண்ட் என்ற தீவு, கைதிகள் அனுப்பப்படுவது நின்றபின், 1856-இல் டாஸ்மானியா என்று பெயரையே மாற்றிக்கொண்டது. இருபதாண்டு கழித்து அதே தீவின் பிரதமராக வந்தவர் நம் அம்மையாரின் பேரன், மூன்றாம் தாமஸ் ரீபி. 1882 செப்டம்பரில் சிட்னியின் கார்டன் பேலஸ் என்ற பெரும் மரக் கட்டடம் ஒரே காலைப்பொழுதில் எரிந்து சாம்பலானபோது, அங்கே வைக்கப்பட்டிருந்த 1881 கணக்கெடுப்பின் ஆவணங்களும் அழிந்தன. தீ வைத்தது யார் என்பது தெரியவில்லை. பழைய குடும்பங்கள் சிலவற்றுக்கு அது நிம்மதி தந்திருக்கும் என்ற பேச்சு மட்டும் சிட்னியில் நெடுநாள் உலவியது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முதியவர் தம் பாட்டனாரின் தாயைத் தேடி வாரம் தவறாமல் வருவார். ஒருநாள் 1828 பதிவேட்டின் நகலில் அப்பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டினேன். பெயருக்கு எதிரே எஃப்.எஸ். என்று இருந்தது. அவர் விரலை அந்த ஈரெழுத்தின் மேல் வைத்தபடியே சற்று நேரம் இருந்தார். பிறகு, "என் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுவாரம் வரவில்லை. அதன்பின் சில ஆண்டுகளிலேயே காற்று மாறிற்று. கைதி முன்னோர் ஒருவராவது இருக்கமாட்டாரா என்று ஏங்கி வருவோரும், இல்லையென்று தெரிந்து முகம் வாடிப் போவோரும் பெருகினார்கள். மேரி ரீபி அம்மையார் நோட்டில் ஏறியது 1994-இல். முன்பு ஒளித்துவைத்ததை இப்போது பணத்தில் அச்சடிக்கிறார்கள்; அந்த மாற்றத்தைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்குக் குறையாகப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 25,000 பெண்களில் ரீபி அம்மையாரைப்போல ஆனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேலைக்கு அமர்த்தப்படாதவர்கள், கருவுற்றுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், மறுபடி தண்டிக்கப்பட்டவர்கள் பரமட்டா ஊரிலிருந்த பெண்கள் தொழிற்சாலை என்னும் பெயர்கொண்ட அடைப்பில் கம்பளி நூல் நூற்றுக் காலம் கழித்தார்கள். 1827-இல் அங்கே உணவு அளவைக் குறைத்ததும் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்து ரொட்டியையும் இறைச்சியையும் அள்ளிச் சென்றார்கள். அவர்களுக்கு மனவுறுதி குறைவு என்று யாரேனும் சொல்ல முடியுமா? "உறுதி இருந்தால் எவரும் உயரலாம் என்பதற்கு இவர் வாழ்க்கை சான்று" என்று தங்கள் கட்டுரையாளர் முடித்திருக்கும் வாக்கியம், ஒரு கப்பல் அதிகாரியை மணக்கும் வாய்ப்பும், ஆற்றங்கரை நிலமும், சொத்தோடு கைம்பெண்ணாகும் நிலையும் கிடைக்காத மற்றப் பெண்களுக்கெல்லாம் இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

1855 மே 30 அன்று, சிட்னியை அடுத்த நியூடவுனில் இருந்த தம் வீட்டில் அம்மையார் காலமானார். அவர் தப்பிச் செல்ல நினைத்த ஊரில் அறுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். சிட்னிக்கு வரும் தமிழர்கள் சர்குலர் கீ படகுத்துறையில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில் ரீபி பிளேஸ் என்று ஒரு சின்னஞ்சிறு சந்து இருக்கிறது. பெயர்ப்பலகையில் அவர் பெயரில் ஓர் எழுத்து குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்கு அப்பால், மரங்கள் சூழ்ந்த மேக்குவாரி பிளேசில், காலனிச் சாலைகளின் தொலைவுகளை அளக்கத் தொடங்கிய 1818-ஆம் ஆண்டுக் கல்தூண் நிற்கிறது. முதல் வங்கி திறந்த வீடு அந்த இடத்தைச் சேர்ந்ததுதான்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் கட்டுரைகள் பின்னர் நூலாகத் தொகுக்கப்படுவது வழக்கம் என்று அறிகிறேன். அப்போது இக்கட்டுரையும் சேர்க்கப்படுமானால், "தரிசு நிலம்" என்ற சொல்லை நீக்கி அது தாருக் மக்களின் நிலம் என்று திருத்தவும், 1792-ஆம் ஆண்டுக் கடிதத்திலிருந்து தப்பிச் செல்வது பற்றிய வரியைச் சேர்க்கவும், அம்மையாரின் வருகையைக் குறிக்கும் இடத்தில் பதிவேடுகளில் உள்ளபடி ராயல் அட்மிரல் 1792, மரைனர் 1821 என்று இரண்டு கப்பல்களையும் இரண்டு ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிட்னி